வேலை போன வழக்குக்கு வெளியாள் பணம் போட்டால் எதைப் பார்த்துக் கையெழுத்திடுவது?

வேலையை விட்டு நீக்கப்பட்டவர் காசில்லாமல் நிற்கும்போதுதான், "செலவை நான் பார்த்துக்கிறேன், வர்றதுல பங்கு கொடுங்க" என்று யாராவது வருவார்கள். இந்தியாவில் இது குற்றமல்ல. அன்று இதைத் தடுத்த இங்கிலாந்துச் சட்டம் இங்கே பொருந்தாது என்று 1876-லேயே, அப்போது இந்திய வழக்குகளின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. ஆளைச் சுரண்டும் ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஏற்காது என்பதையும் சேர்த்தே சொன்னது. வக்கீல் அல்லாதவர் பணம் போடத் தடையில்லை என்று 2018-இல் ஏ.கே. பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றமும் குறிப்பிட்டது. உங்கள் வக்கீலே பங்கு கேட்டால் அது பார் கவுன்சில் (வக்கீல்களை நெறிப்படுத்தும் அமைப்பு) விதிமீறல். வேறு வக்கீலைப் பாருங்கள்.

முதலில் இலவச சட்ட உதவிக்கு விண்ணப்பியுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987, பிரிவு 12-இன்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. இது கிடைத்தால் பங்கு கொடுக்கும் பேச்சே எழாது.

அதற்குப் பிறகும் வெளிப்பணம் தேவையென்றால், பங்கு எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்ற வரியைத் தேடுங்கள். போட்ட பணம் 60,000 ரூபாய், அதைத் திருப்பித் தருவதோடு 30 சதவீதப் பங்கு, தீர்ப்பு 6 லட்சம் என்று வையுங்கள். நிறுவனம் இழுத்தடித்து, கடைசியில் 2 லட்சம்தான் வசூலாகிறது. பங்கு தீர்ப்புத் தொகையின்மேல் என்றிருந்தால் 1,80,000-மும் 60,000-மும் சேர்த்து 2,40,000 தர வேண்டும். வழக்கில் ஜெயித்தும் 40,000 ரூபாய் கடன். "கையில் வந்த தொகையில், போட்ட பணத்தைக் கழித்த மீதியில் 30 சதவீதம்" என்று எழுதினால் 42,000-தான் பங்கு. உங்களுக்கு 98,000 நிற்கும். மொத்தம் இத்தனை ரூபாய்க்கு மேல் போகாது என்று ஓர் உச்சவரம்பும் எழுதி வாங்குங்கள்.

இளைஞர்கள் அதிகம் ஏமாறும் இடம் வேறு. உங்களுக்கு வேண்டியது வேலை. பணம் போட்டவருக்கு வேண்டியது ரொக்கம். நிலுவைச் சம்பளம் இல்லாமல் மீண்டும் பணியில் சேர்க்க மட்டும் நீதிமன்றம் சொன்னால் பங்கு போட அங்கே எதுவும் இல்லை. அதனால் "ஒரு தொகையை வாங்கிக்கொண்டு முடித்துவிடு" என்று அழுத்தம் வரும். சமரசம் செய்வதா வேண்டாமா என்பதும், யாருக்கு வக்காலத்து கொடுப்பது என்பதும் என் முடிவே என்று தனி வரியாக எழுதுங்கள். பணி மட்டும் திரும்பக் கிடைத்தால் போட்ட அசல் மட்டுமே, அதுவும் சம்பளம் வரத் தொடங்கிய பிறகு மாதத் தவணையில், என்றும் சேருங்கள். வருங்காலச் சம்பளத்தில் பங்கு என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள்.

தோற்றால் எதிர்த்தரப்பின் செலவை யார் தருவது? ஒப்பந்தத்தில் ஏற்காத, வழக்கில் தரப்பாகவும் இல்லாத நிதியளிப்பவர்மேல் அதைச் சுமத்த முடியாது என்று ஒரு நடுவர் தீர்ப்பு (நீதிமன்றத்துக்கு வெளியே, நடுவர் தரும் தீர்ப்பு) விவகாரத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. எழுதி வாங்காவிட்டால் அது உங்கள் தலையில்தான் விழும்.

வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்தும் வேண்டாம், அசல் சான்றிதழ்களை அடமானமாகவும் தர வேண்டாம்.

சிங்கப்பூர் 2017-இல் நடுவர் வழக்குகளுக்கு வெளியாள் பணம் போடுவதைச் சட்டப்படி அனுமதித்தபோது, நிதியளிக்கும் நிறுவனத்துக்குக் குறைந்தது 50 லட்சம் சிங்கப்பூர் டாலர் மூலதனமோ நிர்வகிக்கும் சொத்தோ இருக்க வேண்டும், அது யார் என்பதை வக்கீல் வெளிப்படுத்த வேண்டும் என்று விதித்தது. இந்தியாவில் இதற்கென மத்தியச் சட்டம் வரும்போது இந்த இரண்டோடு, தொழிலாளர் வழக்குகளில் பங்குக்கு உச்சவரம்பும் இருந்தாக வேண்டும்.