நேரப் பதிவில் ஐயத்துக்குரிய கணினி அசைவுகளை இனங்காணும் முறை

யாழ்ப்பாணத்தில் சிறிய அலுவலகமொன்றை நடத்திக்கொண்டு, வீட்டிலிருந்து வேலை செய்யும் பணியாளர்களின் நேரத்தை மென்பொருள் மூலம் பதிவுசெய்பவர்கள், மாத முடிவில் வரும் அறிக்கையில் மொத்த மணித்தியாலங்களை விட, அந்த மணித்தியாலங்களுக்குள் அசைவு எவ்வாறு பரவியிருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். இத்தகைய மென்பொருள்கள் பலவும் நேரத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டிலுள்ள 600 வினாடிகளில் எத்தனை வினாடிகளில் விசைப்பலகையோ மௌஸோ இயங்கியது என்று எண்ணி, அதை நூற்றுவீதமாகக் காட்டுகின்றன.

கணக்கு எழுதும் ஒருவரின் ஒரு மணித்தியாலம் 62, 35, 71, 8, 54, 40 என்று ஏறி இறங்கும். அந்த 8 என்பது பெரும்பாலும் அவர் பற்றுச்சீட்டு ஒன்றை வாசித்துக்கொண்டிருந்த நேரமாக இருக்கும். அதே இடத்தில் 50, 50, 49, 50, 50, 50 என்று வந்து, விசை அழுத்தங்கள் சுழியமாகவும் இருந்தால், வேலை நடப்பதுபோலக் காட்ட இரண்டு வினாடிக்கு ஒருமுறை மௌஸை அசைக்கும் கருவியோ நிரலோ இயங்கியிருக்கலாம் என்று ஐயுறுவதற்கு இடமுண்டு. பத்து நிமிடத் தரவுகளை எக்செலில் இட்டு, ஒவ்வொருவருக்கும் நாளாந்த நியம விலகலை, அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்ற அளவை, கணித்துப் பாருங்கள். குறைந்த சராசரி ஐயத்துக்குரியதல்ல. மிகக் குறைந்த நியம விலகலே ஐயத்துக்குரியது.

கருவிகளில் வகைகள் உண்டு. யுஎஸ்பியில் செருகப்படுபவை விண்டோஸின் சாதனப் பட்டியலில் இன்னொரு மௌஸாகவே தோன்றும். ஒரே மௌஸ் பாவிப்பவரின் கணினியில் இரண்டு தென்பட்டால் அதைக் குறித்துக்கொள்ளலாம். கஃபீன் என்ற சிறு நிரல், சாதாரண விசைப்பலகைகளில் இல்லாத எஃப்15 என்ற விசையை 59 வினாடிக்கு ஒருமுறை அழுத்துவதுபோலப் பாவனை செய்யும். மௌஸின் அடியில் வைக்கப்படும் சுழல் தட்டோ கணினியில் எந்தத் தடயத்தையும் விடாது. அதற்கு மேற்சொன்ன எண்களும் மென்பொருள் எடுத்த, மாறாத திரைப்பிடிப்புகளும் (ஸ்கிரீன்ஷொட்) தான் சான்று. எனினும், பெரிய கோப்பொன்றைப் பதிவேற்றும்போது கணினி உறங்கிவிடாமலிருக்க நேர்மையானவர்களும் இத்தகைய நிரல்களைப் பாவிப்பதுண்டு என்பதை மறக்கலாகாது.

நம் ஊருக்கே உரிய, வீணாக ஐயுறவைக்கும் சிக்கல்கள் இனித்தான் வருகின்றன. சுன்னாகத்திலிருந்து வேலை செய்த ஒருவர் அதிகாலை 3.30 இற்கு வேலையைத் தொடங்கியதாக அறிக்கை காட்டியதைக் கண்டு, யாரோ அவருடைய கணக்கைப் பாவிக்கிறார்கள் என்று நானே ஒருமுறை பதறியிருக்கிறேன். அறிக்கை உலகப் பொதுநேரத்தில் இருந்தது. இலங்கை நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது என்பதால், அவர் ஒழுங்காகக் காலை 9 மணிக்கே தொடங்கியிருந்தார். லண்டன் வாடிக்கையாளருக்கான பதிவுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: அங்கே மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் கடிகாரம் மாற்றப்படுவதால், நமக்கும் அவர்களுக்குமான இடைவெளி கோடையில் நான்கரை மணித்தியாலமாகவும் குளிர்காலத்தில் ஐந்தரையாகவும் இருக்கும்.

மின்வெட்டும் ஐயத்தைக் கிளப்பும். மேசைக் கணினி திடீரென நின்றிருந்தால், விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 41, 6008 ஆகிய இலக்கங்கள் மீள இயங்கிய நேரத்தில் பதிவாகியிருக்கும். அதே வேளையில் அயலில் உள்ள மற்றொரு பணியாளரின் பதிவும் அறுந்திருந்தால் விடயம் அத்தோடு முடிந்தது. மடிக்கணினியில் இது பதிவாகாது; பற்றரியில் கணினி இயங்க, ரௌட்டர் மட்டும் அணைந்திருக்கும். மாறாக 4616 என்ற இலக்கம் கணினியின் நேரம் மாற்றப்பட்டதைக் காட்டும். விண்டோஸ் தானாக நேரத்தைச் சரிசெய்யும்போதும் அது வரும் என்பதால், மாற்றியது பணியாளரின் பயனர் பெயரா என்பதையும், எத்தனை நிமிடம் மாறியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இவற்றையெல்லாம் கடந்தும் ஐயம் நிற்குமானால், அந்த மணித்தியாலங்களை வேலையோடு ஒப்பிடுங்கள். கூகுள் ஷீட்ஸின் பதிப்பு வரலாற்றில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது கிடைக்கும். நான்கு மணித்தியாலம் 50 வீதமாக ஓடிய நாளில் ஒரு கலமும் மாறவில்லை என்றால், அது எந்தத் திரைப்பிடிப்பையும் விட வலுவான சான்று. என் கணிப்பில், இத்தகைய பொருத்தமின்மை மூன்று வெவ்வேறு நாட்களிலாவது தென்படாமல் எவரையும் அழைத்துப் பேசக் கூடாது.

பதிவு எதற்காக எடுக்கப்படுகிறது என்பதைப் பணியாளருக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குறித்த நோக்கம், தேவைக்கு மிஞ்சாத அளவு, வெளிப்படைத்தன்மை ஆகியவற்றையே வலியுறுத்துகிறது. பேசுவதற்கு முன் மூலப் பதிவுகளின் பிரதியொன்றை மாற்ற முடியாதவாறு சேமித்துக்கொண்டு, தேதியையும் நேரத்தையும் காட்டி, அப்போது என்ன வேலை நடந்தது என்று மட்டும் கேட்டு, அவருடைய விளக்கத்தை அவர் சொன்ன சொற்களிலேயே அந்தப் பதிவுகளோடு கோப்பில் இணைத்துவிடுங்கள்.