சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை ஆட்டம்: பக்கத்துக் கடைக்காரர்கள் கவனத்துக்கு

முதலில் ஆட்ட அட்டவணையைக் கையில் எடுங்கள். 2023 ஒருநாள் உலகக் கோப்பையில் சேப்பாக்கத்துக்கு 5 ஆட்டங்கள் கிடைத்தன. அவற்றில் இந்தியா ஆடியது ஒன்றே ஒன்று, அக்டோபர் 8 அன்று ஆஸ்திரேலியாவுடன். எல்லா நாளுக்கும் ஒரே அளவு சரக்கு எடுப்பவர்களுக்குத்தான் கை சுடும். இந்தியா ஆடாத நாளுக்குப் பாதிச் சரக்கோடு தொடங்குங்கள். கூட்டத்தைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது போர்டு. போட்டிச் சின்னம், கோப்பைப் படம், வீரர் புகைப்படம் மூன்றையும் தொடாதீர்கள். 'உலகக் கோப்பை' என்பது பொதுச் சொல் என்று 2003இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தடை விதிக்க மறுத்தது உண்மைதான். அதற்காக, போட்டியை நடத்துபவர்களோடு தொடர்பு இருப்பதுபோல் எழுதினால் நோட்டீஸ் வரும். 'மேட்ச் டே ஸ்பெஷல்' என்றாலே எல்லாருக்கும் புரிந்துவிடும். தேசியக் கொடியை விளம்பரத்தில் அச்சடிப்பது பலர் தெரியாமல் செய்கிற தவறு. 1950ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. நீலத் தோரணம் கட்டுங்கள். கிரிக்கெட் வாரியச் சின்னம் போட்ட போலி ஜெர்சி விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. சின்னமில்லாத நீல டி-ஷர்ட்டுக்கு அந்தப் பயமில்லை.

டிக்கெட்டைப் பரிசாக அறிவிக்காதீர்கள். விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் அதை ரத்து செய்யும் உரிமை பெரும்பாலும் டிக்கெட் விதியிலேயே இருக்கும். பொருள் வாங்கினால் குலுக்கல் என்பதும் வேண்டாம். லாட்டரி தமிழ்நாட்டில் 2003 முதல் தடைசெய்யப்பட்டது. 'இந்தியா ஜெயித்தால் மறுநாள் 10 சதவீதம் தள்ளுபடி' என்பது நேர்மையானது, செலவும் கையடக்கம்.

சின்னக் கடைக்கு நல்ல வருமானம் பை, ஹெல்மெட் பாதுகாப்பில்தான். இரண்டையும் மைதானத்துக்குள் விடமாட்டார்கள். வாலாஜா சாலையில் இறங்கிய பிறகுதான் பலருக்கு அது தெரியவரும். ஒரே எண் எழுதிய இரண்டு டோக்கன் போடுங்கள். ஒன்றைப் பையில் கயிறு போட்டுக் கட்டுங்கள், இன்னொன்று வாடிக்கையாளரிடம். டோக்கனோடு பையை அவர் செல்போனிலேயே படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், தொலைத்தாலும் தகராறு வராது. லேப்டாப், நகை இருந்தால் வாங்காதீர்கள். வாங்கும்போது ஒவ்வொருவராகத்தான் வருவார்கள். திருப்பிக் கொடுக்கும்போது மொத்தக் கூட்டமும் ஒரே கால் மணி நேரத்தில் வந்து நிற்கும். அதனால் 20 எண்ணுக்கு ஒரு வரிசை என்று அடுக்குங்கள், கொடுக்க இரண்டு ஆள் வையுங்கள்.

சாப்பாட்டில், ஒரு கையில் பிடித்து நடந்தபடி தின்னக்கூடியதே ஓடும்: சமோசா, முட்டை பப்ஸ், பரோட்டா ரோல். சாம்பார் ஊற்றும் எதுவும் வேண்டாம், கை கழுவ இடமில்லை. விலையை 20, 50, 100 என்று வையுங்கள். ஆயிரக்கணக்கான செல்போன்கள் ஒரே இடத்தில் கூடும்போது டேட்டா திணறும், ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும். கடையில் கேபிள் வழி வரும் வைஃபை இருந்தால் கல்லாவுக்கு அதையே கொடுங்கள். 10 ரூபாய் நோட்டு இரண்டு கட்டு தயாராக இருக்கட்டும்.

கடையில் ஆட்டத்தைத் திரையிட வீட்டு டிவி இணைப்பைப் போடாதீர்கள்; வணிக இணைப்பு வாங்குங்கள்.

இரவு 7 மணி டி20 ஆட்டம் முடியப் பதினொன்றை நெருங்கிவிடும். அரசினர் தோட்டம் மெட்ரோவுக்கும் சேப்பாக்கம் ரயில் நிலையத்துக்கும் நடப்பவர்களுக்குத் தண்ணீரும் டீயும்தான் தேவை. இரண்டாவது இன்னிங்ஸில் 15 ஓவர் தாண்டியதும் பாலை அடுப்பில் ஏற்றுங்கள்.