“பார்த்துப் போ” என்பது கட்டுப்பாடு ஆகாது

ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டிய பிள்ளைக்கு இருசக்கர வண்டி லைசென்ஸ் வந்துவிடுகிறது. முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடிக்கும் மாநகரப் பேருந்தோ, மழைநீர் மூடிக்கிடக்கும் பள்ளமோ அந்த மைதானத்தில் இல்லை. ஆகவே லைசென்ஸ் கைக்கு வந்த நாளையே பழகி முடித்த நாளாகப் பெற்றோர் எண்ணிக்கொள்வது முதல் தவறு. 1987 முதல் படிப்படியான உரிம முறையைப் பின்பற்றும் நியூசிலாந்தில், காருக்கு இடைக்கட்ட உரிமம் மட்டும் வைத்திருப்பவர் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை துணையின்றி ஓட்டக் கூடாது. நம் சட்டத்தில் அப்படியொரு படி இல்லாததால் அதை வீட்டில்தான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

18 வயதுக்கு முன்பே சாவியைக் கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல். 16 வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியை மட்டுமே. அதற்கும் உரிமம் வேண்டும். நம் வாசல்களில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சிசி. சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்.

“பார்த்துப் போப்பா” என்பதில் பாசம் இருக்கிறது, அளவு இல்லை. எந்தச் சாலை, எத்தனை மணி வரை, பின்னால் யார் என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். முதல் மூன்று மாதம் சென்னையில் எங்கள் பக்கத்து மடிப்பாக்கம், வேளச்சேரி உள்தெருக்கள் போதும் என்றும், கத்திப்பாரா மேம்பாலச் சந்திப்பையும் ஓ.எம்.ஆர். பெருஞ்சாலையையும் பெரியவர் ஒருவர் பின்னால் அமர்ந்து பழக்கிய பிறகே தனியாகத் தொடலாம் என்றும் எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம். நண்பனை ஏற்றுவது அதற்கும் பிறகுதான். பின்னால் எடை கூடும்போது திருப்பத்தில் வண்டி வேறு விதமாகச் சாயும், “முந்துடா” என்ற குரலும் காதருகே கேட்கும்.

அத்தனையும் வகுத்துவிட்டு, பெரிய தவறை நானே செய்தேன். ஒரு மாலை மகனை அழைத்து “எங்கப்பா இருக்க?” என்றேன். “தரமணி சிக்னல் தாண்டிட்டேன்மா” என்ற பதிலுக்குப் பின்னால் காற்று இரைந்தது. ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு, ஓடும் வண்டியிலிருந்து அவன் பேசியிருக்கிறான். எடுக்காவிட்டால் அம்மா பதறுவாள் என்பதற்காகவே எடுத்தான். அன்றிலிருந்து அவன் சாலையில் இருக்கும் நேரத்தில் நான் அழைப்பதில்லை. கிளம்பும் முன் ஒரு செய்தி, சேர்ந்ததும் ஒரு செய்தி அனுப்புவான்.

நேரக் கெடுவிலும் இதே ஆபத்து உண்டு. ஒன்பது மணி தாண்டினால் வீடே அதிரும் என்று தெரிந்த பிள்ளை, எட்டே முக்காலுக்கு ஆக்சிலரேட்டரை முறுக்குவான். தாமதமாகும் என்று முன்னதாகச் சொன்னால் திட்டு கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். மழை பிடித்துக்கொண்டாலோ கண் சொருகினாலோ வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு ஆட்டோவில் வரச் சொல்லியிருக்கிறோம். எந்த நேரமானாலும் வாசலில் இறங்கியதும் காசை நான் கொடுத்துவிடுவேன், காரணத்தைக் காலையில்தான் கேட்பேன்.