ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தொடங்கலாம்: வேலைக்கும் வாழ்க்கைக்கும் மாணவர்களைப் பழக்கும் வழிமுறை

பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளைக்குச் சம்பளச் சீட்டைப் படிக்கவும், ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதவும், புரியாததைத் தயங்காமல் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்காக ‘வாழ்க்கைத் திறன்’ என்றொரு புதிய பாடத்தையும் அதற்கொரு புத்தகத்தையும் கொண்டுவர வேண்டும் என்று சொல்வதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. புத்தகம் வந்தால் வினாவிடை வரும், வினாவிடை வந்தால் மனப்பாடம் வரும். தேவையானவற்றில் பெரும்பகுதி பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. கற்பனைப் பெயர்களையும் கற்பனை முகவரிகளையும் வைத்துச் செய்யும் அந்தப் பயிற்சிகளை உண்மையான தாள்களில் செய்ய வைத்தால் போதும். தமிழ்நாட்டின் ஓர் அரசுப் பள்ளியில் இதைச் செய்ய விரும்பும் தலைமையாசிரியரையும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்தே பின்வருவனவற்றை எழுதுகிறேன்.

பொதுத்தேர்வு இல்லாத ஒன்பதாம் வகுப்பே இதற்குப் பொருத்தமானது. வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். அதை உடற்கல்வி வேளையிலிருந்து எடுக்காதீர்கள்; கணக்கு ஆசிரியர்கள் எடுத்தது போக மிச்சமிருப்பதே கொஞ்சம். தமிழுக்கும் கணக்குக்கும் சமூக அறிவியலுக்கும் உரிய வேளைகளில் முறைவைத்து ஒன்றை ஒதுக்குவதே நியாயம், ஏனெனில் செய்யப்போவது அந்தப் பாடங்களைத்தான். எவற்றைக் கற்பிப்பது என்பதை ஆசிரியர் அறையில் அமர்ந்து முடிவுசெய்ய வேண்டாம். அண்மையில் பள்ளியை விட்டுச் சென்று வேலையில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் சிலரை, பெண்கள் பாதிக்குக் குறையாதபடி, தொலைபேசியில் அழைத்து, வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் எது தெரியாமல் திண்டாடினார்கள் என்று மட்டும் கேளுங்கள். அறிவுரை கேட்டால் பொதுவாகப் பேசுவார்கள். திண்டாட்டத்தைக் கேட்டால் குறிப்பாகச் சொல்வார்கள்.

முதலில் தமிழ் வேளையைப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு வினாத்தாளில் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று தொடங்கி உறைமேல் முகவரி வரை எழுதும் கடிதமும், நூலக உறுப்பினர் படிவத்தையோ பணிவாய்ப்புப் படிவத்தையோ நிரப்பும் வினாவும் மாணவர்கள் நன்கறிந்தவை. ஆனால் அந்தக் கடிதம் யாருக்கும் போய்ச் சேர்வதில்லை. ஆகவே கிளை நூலகத்திலிருந்து உண்மையான படிவங்களை வாங்கி வந்து நிரப்பச் செய்து, பிள்ளைகளை உறுப்பினராகவே சேர்த்துவிடுங்கள். எரியாத தெருவிளக்கைப் பற்றி ஊராட்சித் தலைவருக்கு ஒரு மனு எழுதச் செய்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் நாளும் வாங்கிவரப் பழக்குங்கள். நகலும் ஒப்புகையும் இல்லாத மனுவுக்கு அலுவலகத்தில் என்ன மதிப்பு என்பது அப்போது தானாகவே விளங்கும். கிராம சபை கூடும் நாளில் மாணவர்கள் ஓரமாக அமர்ந்து கவனித்துவிட்டு, நடந்ததை ஒரு பக்க அறிக்கையாக எழுதலாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்கள் கல்வியாண்டின் முற்பகுதியிலேயே வருகின்றன.

கணக்கு வேளைக்குச் சம்பளச் சீட்டைவிடச் சிறந்த பாடம் இல்லை. பெயரையும் அடையாள எண்களையும் மறைத்த ஒரு சீட்டைக் கரும்பலகையில் எழுதுங்கள். அடிப்படைச் சம்பளம் 12,000 ரூபாய் என்று கொண்டால், வருங்கால வைப்பு நிதிக்கு அதில் 12 விழுக்காடான 1,440 ரூபாயைத் தொழிலாளியிடம் பிடிப்பார்கள். நிறுவனமும் அதே அளவு தன் பங்கைச் செலுத்த வேண்டும். பாஸ்புக்கைப் பார்க்கும் இளைஞருக்கோ நிறுவனத்தின் பங்கு 440 ரூபாய் என்றுதான் தெரியும். முதலாளி ஆயிரம் ரூபாயை விழுங்கிவிட்டார் என்று சண்டைக்குப் போகத் தோன்றும். நிறுவனத்தின் 12 விழுக்காட்டிலிருந்து, சம்பளத்தின் 8.33 விழுக்காடு ஓய்வூதியக் கணக்குக்குப் பிரிந்து செல்கிறது என்பதும், 12,000 ரூபாய்க்கு அது ஏறத்தாழ 1,000 ரூபாய் என்பதும், அந்தத் தொகை வேறொரு பத்தியில் இருக்கிறது என்பதும் தெரிந்தால் சண்டை இல்லை. அதே கணக்கு தெரிந்தவர்தான், உண்மையிலேயே பணம் கட்டப்படாத மாதத்தையும் கண்டுபிடிப்பார். தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு என்பதையும், அதைக் கொண்டு குடும்பத்தினரும் மருத்துவம் பெறலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வைப்பு நிதிக்கான 12 இலக்க யு.ஏ.என். எண் வேலை மாறினாலும் மாறாது. புதிய இடத்தில் பழைய எண்ணைக் கொடுக்காமல் இன்னொன்றை வாங்கிக்கொண்டு, பழைய பணத்தை எடுக்க அலைபவர்கள் பலர். விழுக்காடு பற்றி இவ்வளவு அக்கறையோடு பிள்ளைகள் கேள்வி கேட்பதை வேறெந்தப் பயிற்சியிலும் எதிர்பார்க்க முடியாது.

மின்கட்டணத்தையும் இவ்வாறே செய்யலாம்: இரண்டு மாத அளவீடுகளைக் கழித்து, வீடுகளுக்கான 100 இலவச யூனிட்டுகளை நீக்கி, மீதத்தைக் கட்டண அடுக்குகளில் பிரித்துப் பெருக்கி, அட்டையில் உள்ள தொகையோடு ஒப்பிடச் செய்யுங்கள்.

பணியிடங்களைக் காணச் செல்வதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். இந்த மாநிலத்தில் பள்ளியையும் தொழிலையும் சேர்த்துப் பேசும்போது 1953-இல் ராஜாஜி ஆட்சியில் வந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை மறக்க இயலாது. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்ற அந்த ஏற்பாடு, குலக்கல்வி என்று கடுமையாக எதிர்க்கப்பட்டு, 1954-இல் காமராசர் முதலமைச்சரான பின் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பின் நியாயம் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆகவே எந்தப் பிள்ளையையும் அவரவர் வீட்டுத் தொழில் நடக்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள். தச்சர் வீட்டுப் பிள்ளை வங்கிக்கும், வங்கி ஊழியரின் பிள்ளை தச்சுப் பட்டறைக்கும் போகட்டும். பெண்களைத் தையலகத்துக்கும் ஆண்களை வண்டிப் பட்டறைக்கும் பிரித்து அனுப்பும் வழக்கமும் வேண்டாம். பள்ளியைப் பெருக்குவது போன்ற வேலைகள் இருந்தால் முறைப்பட்டியல் போட்டு எல்லாரும் செய்ய வேண்டும். அது எப்போதும் குறிப்பிட்ட சில பிள்ளைகளிடமே போய்ச் சேர்கிறதா என்பதைத் தலைமையாசிரியரே பார்த்துக்கொள்ள வேண்டும். போகிறவர்கள் பார்த்துக் கேட்டு எழுதுவதற்கு மட்டுமே போகிறார்கள். 14 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு அமர்த்துவதைச் சட்டம் தடுக்கிறது. 18 வயது வரை ஆபத்தான தொழில்களுக்கும் தடை உண்டு. எந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது, பிழை நேர்ந்தால் யார் பொறுப்பு, இங்கே சேர என்ன படித்திருக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளோடு அனுப்பினால் போதுமானது.

இடங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்கள். அவர்களுக்குள்ளேயே கொத்தனாரும் செவிலியரும் கடைக்காரரும் இருப்பார்கள். அவர்களை உரையாற்ற அழைக்காதீர்கள், கருவிகளோடு வரச் சொல்லுங்கள். 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் உயர்கல்வி வழிகாட்டுதலும் இதோடு இணையும். ஒரு தொழிலை நேரில் பார்த்த பிள்ளைக்கு அதற்கான படிப்பைப் பற்றிச் சொல்வது எளிது.

பேச்சுப் பயிற்சிக்குப் பட்டிமன்றத்தைவிடத் தொலைபேசி பயன்படும். எரிவாயு முகமைக்கோ மின்வாரிய அலுவலகத்துக்கோ பேசுவது போல இருவர் இருவராகப் பேசிப் பார்க்கட்டும்: யார் பேசுகிறோம், என்ன வேண்டும், மறுமுனையில் சொன்னது என்ன என்பதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துதல். “சார், இது எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று கேட்பதையும் தனியே பழக்க வேண்டும். கேட்டால் திட்டுவார்கள் என்ற பயத்தைப் பிள்ளைகள் வகுப்பறையிலேயே கற்றுக்கொள்வதால், முதலில் மாற வேண்டியவர்கள் நாம்தான்.

இவற்றுக்கு மதிப்பெண் போடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கோப்பு இருக்கட்டும். நூலக அட்டையின் நகல், ஒப்புகை பெற்ற மனு, சரிபார்த்த சம்பளக் கணக்கு, பணியிட அறிக்கை ஆகியவை அதில் சேரட்டும். பொறுப்பை ஓர் ஆசிரியரிடம் மட்டும் விடாமல் இருவரிடம் கொடுத்து, படிவங்களையும் மாதிரிச் சீட்டுகளையும் பணியிடங்களின் தொடர்பு எண்களையும் தலைமையாசிரியர் அறையின் அலமாரியிலேயே வைத்திருங்கள். இடமாறுதல் கலந்தாய்வில் ஒருவர் போய்விட்டாலும், ஜூன் மாதத்தில் மற்றவர் தொடங்கிவிடலாம்.