விரிசலா, அழகா? செலடான் கிண்ணத்தில் நாம் ஏமாறும் இடங்கள்

என் மேசை மேல் ஒரு சின்ன டீக் கிண்ணம் இருக்கிறது. சாம்பல் கலந்த பச்சை, உள்ளும் புறமும் வலை பின்னியது போலக் கோடுகள். போன வருஷம் ஊரிலிருந்து வந்த அத்தை, "விரிசல் விட்டதை வீட்டுல வெச்சுக்கக் கூடாதுப்பா" என்று அதை எடுத்துப்போய்க் குப்பைக் கூடை பக்கத்தில் வைத்துவிட்டார். அத்தை மேல் தப்பில்லை. செலடான் என்ற சீனப் பச்சைப் பீங்கானைப் பார்க்கிற பாதிப் பேர் செய்கிற முதல் தவறு அதுதான்.

கோடு ஓடுவது மேலே இருக்கிற கண்ணாடிப் பூச்சில் மட்டும். உள்ளே இருக்கிற மண் உடம்பு முழுசாகத்தான் இருக்கிறது. சூளை ஆறும்போது மண்ணும் சுருங்கும், பூச்சும் சுருங்கும். பூச்சு கொஞ்சம் அதிகமாகச் சுருங்கினால், அளவு சின்னதாகிப்போன சட்டை மாதிரி இழுபட்டு, தாங்க முடியாமல் அங்கங்கே விட்டுப்போகும். சாதாரணக் குயவருக்கு இது குறை. சீனாவின் சூளைக்காரர்கள் இதையே வேண்டும் என்று வரவழைக்கப் பழகினார்கள். சூளையிலிருந்து எடுத்த பிறகும் நாள் கணக்கில் 'டிங்', 'டிங்' என்று மெல்லிய சத்தத்தோடு புதுக் கோடுகள் விழுந்துகொண்டே இருக்கும்.

அப்படியென்றால் நிஜ விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது? பானை வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போமே, அந்தச் சோதனை இங்கே பாதிதான் செல்லும். கோடு நிறைந்த கிண்ணம் நல்ல நிலையில் இருந்தாலும் கணீர் என்று ஒலிக்காமல் போகலாம். அதனால் கண்ணை நம்புங்கள். ஒரே கோடு உள்பக்கமும் வெளிப்பக்கமும் அதே இடத்தில் ஓடி விளிம்பையும் வெட்டினால் சந்தேகப்படுங்கள். தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி காகிதத்தின் மேல் வையுங்கள். காலையில் காகிதம் ஈரமாக இருந்தால் உடம்பே விட்டிருக்கலாம்.

உடைந்தால்கூட மதிப்புப் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் 'பகோஹன்' என்று ஒரு கிண்ணம் இருக்கிறது. செலடானுக்குப் பேர்போன சீன ஊரான லாங்ச்சுவானில் செய்தது. நிஜமாகவே விரிசல் விட்டது. 15ஆம் நூற்றாண்டில் அதை வைத்திருந்த ஜப்பானின் ராணுவ ஆட்சியாளர் (ஷோகுன்) அஷிகாகா யோஷிமாசா, இதே போல இன்னொன்று வேண்டும் என்று அதைச் சீனாவுக்கு அனுப்பினாராம். இந்தத் தரத்தில் இப்போது எங்களிடமே இல்லை என்று, விரிசலை உலோகக் கொக்கிகளால் பிணைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வெட்டுக்கிளி உட்கார்ந்தது போலத் தெரியும் அந்தக் கொக்கிகளால்தான் கிண்ணத்துக்கு அந்தப் பெயரே வந்தது.

அடுத்த தவறு, பணம் போகிற தவறு: கோடு இருந்தால் பழசு என்று நம்புவது. கோட்டுக்கும் வயசுக்கும் சம்பந்தமே இல்லை. நேற்றுச் சுட்ட கிண்ணத்திலும் கோடு விழும். "கோடெல்லாம் கறுத்திருக்கிறதே" என்பீர்கள். சரி, மையிலோ டீயிலோ ஊறவைத்தால் அதுவும் வந்துவிடும். இதை ஏமாற்று வேலை என்றும் சொல்லிவிட முடியாது. பெரிய கோடுகள் கறுப்பாகவும் இடையில் ஓடும் சின்னக் கோடுகள் பொன்பழுப்பாகவும் இருப்பதை 'தங்க நூல், இரும்புக் கம்பி' என்று சீனர்கள் கொண்டாடுவார்கள். முதலில் விழுந்த கோடுகளில் ஒரு சாயம், பின்னால் விழுந்தவற்றில் இன்னொன்று. நல்ல கைவினைஞர்களும் செய்கிற வேலைதான். பழசா என்று பார்க்கிறவர்கள் கிண்ணத்தைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள்: அடி வளையத்தின் மண் நிறம், அதைச் சீவியிருக்கிற விதம், பூச்சு நின்ற இடம். வெறும் கோட்டை மட்டும் பார்த்து யாரும் நூற்றாண்டு சொல்வதில்லை.

கோடு இல்லாவிட்டால் அது லாங்ச்சுவானே இல்லை என்பவர்களும் உண்டு. லாங்ச்சுவான், சீனாவின் செஜியாங் மாகாணத்தில் இருக்கிற ஊர். அங்கே இரண்டு வழி. அண்ணன் சூளை, தம்பி சூளை என்றே பெயர். சாங் அரச வம்ச காலத்தில் (10–13ஆம் நூற்றாண்டு) இரண்டு சகோதரர்கள் தனித்தனிச் சூளை வைத்தார்கள் என்பது கதை. அது எழுத்தில் வந்தது பல தலைமுறை கழித்து, மிங் வம்ச காலத்தில் (14–17ஆம் நூற்றாண்டு). ஆகவே கதையாகவே வைத்துக்கொள்ளலாம். அண்ணன் வழியில் கறுத்த மண், மேலே கோடு. விளிம்பில் பூச்சு மெலிந்து மண் நிறம் எட்டிப் பார்க்கும். தம்பி வழியில் கோடே கூடாது, விழுந்தால் கழிவு. தடித்த பூச்சுக்குள் நுண்ணிய குமிழிகள் ஒளியைச் சிதறடிப்பதால் ஜேட் என்ற பச்சைக்கல் போல மினுங்கும். என்னைக் கேட்டால் தம்பி வழிதான் கடினம். ஒளிந்துகொள்ள அதில் இடமே இல்லை.

லாங்ச்சுவான் சூளை முறையை யுனெஸ்கோ 2009இல் மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1310 டிகிரி வரை சூடு ஏற்ற வேண்டும். காற்றையும் அடக்க வேண்டும். காற்று தாராளமாகப் போனால் பூச்சில் இருக்கிற இரும்பு பச்சை தராமல் மஞ்சளடித்துவிடும். சூ சாவ்சிங் போன்ற லாங்ச்சுவான் ஆசான்கள் சிறுவயதிலேயே களிமண்ணில் கை வைத்தவர்கள். வீட்டில் சின்னச் சூளை வைத்துக்கொண்டு, சீக்கிரம் திறந்தால் நல்ல கோடு கிடைக்கும் என்று நினைக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: அப்படித் திறந்தால் பாத்திரமே பிளந்துபோகலாம். கோடு வேண்டுமென்றால் பூச்சுக் கலவையில் தேடுங்கள். சோடியம் கூடி சிலிக்கா குறைந்தால் கோடு வரும். பூச்சு தடித்தால் அகலக் கட்டம், மெலிந்தால் பொடிக் கட்டம்.

விஷம் பட்டால் செலடான் நிறம் மாறும் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். கடல் வணிகத்தில் லாங்ச்சுவான் சரக்கு எங்கெங்கோ போனது. நம் ராமநாதபுரம் பெரியபட்டினத்தில்கூட அதன் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் ஆயிரத்துக்கும் மேல் செலடான் இருக்கிறது. போன இடமெல்லாம் இந்தக் கதையும் கூடவே போனது. பூச்சு என்பது கண்ணாடி. அதற்கு விஷமும் ஒன்று, ரசமும் ஒன்று.

ரசம் என்றதும் ஞாபகம் வருகிறது: கோடு போட்ட பாத்திரத்தில் சாம்பாரும் ரசமும் ஊற்றாதீர்கள். மஞ்சளும் எண்ணெயும் கோட்டுக்குள் இறங்கினால் வெளியே வராது. டீ, வெந்நீர், சரி. குடித்ததும் கழுவிக் காயவையுங்கள். என் கிண்ணத்தை ஒருமுறை ப்ளீச்சிங் தண்ணீரில் போட்டு, டீ ஏறிய பொன்னிறக் கோடுகளை வெளுக்கவைத்துவிட்டேன். மறுபடி நிறம் ஏற எட்டு மாதம் ஆயிற்று. அத்தை அடுத்த முறை வந்தபோது, "புதுசா வாங்கினியா? இது நல்லாருக்கே" என்றார்.