விளாவிக் குடிக்கும் வெந்நீர்

கோத்தகிரிப் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கையில் தருவது வெந்நீர்தான். குளிருக்கு இதமாக இருக்கும். ஆனால் நாக்கு சுடக் கூடாதே என்று பாதி டம்ளர் வெந்நீரைக் குடத்துப் பச்சைத் தண்ணீரால் விளாவித் தருவார்கள். கொதிக்க வைத்த கேஸ் அத்தனையும் அந்த ஒரு விளாவலில் வீண். டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் வெதுவெதுப்புக்குச் சாகாது. எங்கள் வீட்டிலும் பல வருஷம் இதே கதைதான். இப்போது காலையில் காய்ச்சியதில் ஒரு பாத்திரம் ஆறவைத்து மூடிவிடுகிறோம்; விளாவ அதுதான்.

உயரத்தை வைத்து இன்னொரு குழப்பம். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் காய்ச்சியும் பயனில்லை என்பார்கள் சிலர். அப்படியில்லை, அந்தச் சூடே கிருமிக்குப் போதும். ஆவி பறந்ததும் இறக்குவதுதான் தப்பு. தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம் விடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் போல 2,000 மீட்டருக்கு மேலென்றால் 3 நிமிடம். சீரகம் போட்டு நிறம் மாறியதைக் கொதித்த கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஊற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, அதைப் போய்க் காய்ச்சுவதா என்பது பெரியவர்கள் வாதம். கிருமி கண்ணுக்குத் தெரியாது. கக்கூஸ் குழி ஊற்றிலிருந்து எத்தனை அடி என்று அளப்பவர்கள்கூட, குழி மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மலையில் முதல் கேள்வியே அதுதான். மேட்டில் காட்டுமாடு போட்ட சாணமும் முதல் மழையில் ஊற்றுக்குத்தான் வரும். சுற்றி வேலி, மேலே மூடி, மழைநீர் விலகிப் போக ஒரு கால்வாய்: இவ்வளவாவது வேண்டும்.

குளோரின் போடுபவர்கள் கலங்கல் நீரில் அப்படியே போட்டுவிடுகிறார்கள். சேறே மருந்தைத் தின்றுவிடும். தெளியவைத்து, துணியில் வடிகட்டிப் போடுங்கள். சமவெளியில் அரை மணி நேரம் போதும். நம் சில்லிட்ட தண்ணீருக்கு ஒரு மணி நேரம் விடுவது நல்லது.

கை கழுவவும் வெந்நீர் வேண்டும் என்று காத்திருந்து, கடைசியில் கழுவாமலே சாப்பிட உட்காருவதும் உண்டு. சோப்பு பச்சைத் தண்ணீரிலும் வேலை செய்யும்.

கைக்குழந்தையின் மலத்தில் கிருமி இருக்காது என்ற நினைப்பும் தவறு. அதைத் தேயிலைச் செடியடியில் வீசிவிட்டுப் போகிறோம். கீழ் லயனில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) அதே சரிவின் ஓடையில்தான் குடம் நிரப்புகிறார்கள்.