கலிபோர்னியாவில் வேலையின்மைக் காப்பீடு: கோரிக்கையிலும் மேல்முறையீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை போன அடுத்த நாள் கலிபோர்னியாவில் வாழும் தமிழர் பலரும் செய்யும் முதல் தவறு, தயங்குவது. அரசிடம் கை நீட்டுவது போலத் தோன்றுகிறது, செய்தி ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற கூச்சம் எழுகிறது, இரண்டு மூன்று வாரங்களில் வேறு வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. இந்தத் தயக்கத்துக்கு அடிப்படையே இல்லை. 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகப் பிறந்த இந்தக் காப்பீட்டுக்கு, கலிபோர்னியாவில் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் வரி செலுத்துவது அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம்தான். நீங்கள் உழைத்த காலத்தில் உங்களுக்காகக் கட்டப்பட்ட காப்பீட்டை நீங்கள் கேட்கிறீர்கள், அவ்வளவே. வெள்ளத்தில் சேதமான வீட்டுக்குக் காப்பீடு கேட்க யாரும் கூச்சப்படுவதில்லை.

தயக்கத்தின் விலை வாரக் கணக்கில் கூடும். இ.டி.டி. என்று எல்லாரும் சுருக்கி அழைக்கும் மாநில வேலைவாய்ப்பு மேம்பாட்டுத் துறையிடம் நீங்கள் விண்ணப்பிக்கும் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் உங்கள் கோரிக்கை உயிர்பெறுகிறது. அதற்கு முந்தைய வாரங்களுக்குப் பணம் வேண்டுமென்றால், ஏன் முன்பே விண்ணப்பிக்கவில்லை என்பதற்குத் தக்க காரணம் காட்டியாக வேண்டும், 'தெரியவில்லை' என்பது பெரும்பாலும் தக்க காரணமாக ஏற்கப்படுவதில்லை. பணிநீக்கத்தின்போது நிறுவனம் தரும் ஈட்டுத்தொகையான செவரன்ஸ் தீரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. கலிபோர்னியாவில் செவரன்ஸ் தொகை பொதுவாக இந்த உதவித்தொகையைக் குறைப்பதில்லை. முன்னறிவிப்புக்குப் பதிலாகத் தரப்படும் சம்பளம்தான் கூலியாகக் கணக்கில் வரும். ஆகவே பணிநீக்கக் கடிதத்தில் எந்தத் தொகை எந்தப் பெயரில் தரப்பட்டுள்ளது, பணியின் கடைசி நாள் எது என்பதை நிதானமாகப் படித்து, உள்ளதை உள்ளபடி தெரிவித்து உடனே விண்ணப்பிப்பதே சரி.

தொகையைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். வாரத்துக்குக் குறைந்தது 40 டாலர், அதிகபட்சம் 450 டாலர், ஓராண்டுக்குள் மொத்தம் 26 வாரங்களுக்கு மேல் இல்லை. மென்பொருள் துறையில் எவ்வளவு உயர்ந்த சம்பளம் வாங்கியிருந்தாலும் உச்சவரம்பு அதே 450 தான். முதல் வாரம் காத்திருப்பு வாரம். அதற்குப் பணம் கிடையாது, ஆனால் அந்த வாரத்தைப் பற்றிய துறையின் கேள்விகளுக்கும் விடை தந்து சான்றளித்தால்தான் அது கழிந்ததாகக் கொள்ளப்படும். தொகை கணக்கிடப்படுவது 'அடிப்படைக் காலம்' எனப்படும் 12 மாதச் சம்பளத்தை வைத்து. ஜனவரி முதல் மார்ச்சுக்குள் விண்ணப்பிப்பவருக்கு அந்தக் காலம் முந்தைய செப்டம்பரோடு முடிந்துவிடுவதால், கடைசி சில மாதச் சம்பளம் கணக்கில் சேர்வதே இல்லை. இ.டி.டி. அனுப்பும் தொகை அறிவிப்பில் உள்ள சம்பள விவரங்களை நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பள விவரமான டபிள்யூ-2 படிவத்தோடும் சம்பளச் சீட்டுகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் பெயரே விடுபட்டிருந்தால் அதைத் திருத்தும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நம்மவர்களில் பலர் ஒப்பந்தப் பணியாளர்கள் என்பதால் நேரும் தனித் தவறு ஒன்று இருக்கிறது. கடைசியாக வேலை கொடுத்தவர் யார் என்ற கேள்விக்கு, தாம் தினமும் சென்று வேலை பார்த்த பெரிய நிறுவனத்தின் பெயரை எழுதிவிடுகிறார்கள். உங்கள் சம்பளச் சீட்டில் எந்த நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதுவே உங்களுக்கு வேலை கொடுத்த நிறுவனம். அது உங்களை வேறிடத்துக்கு அனுப்பிய ஆலோசனை நிறுவனமாக இருக்கலாம். அதேபோல, ஐந்து ஆண்டுகள் உழைத்த இடத்தை விட்டபின் இரண்டு வாரம் மட்டும் வேறொரு கடையில் வேலை பார்த்திருந்தாலும், அந்த இரண்டு வார வேலையே கடைசி வேலை. இ.டி.டி. அந்த முகவரிக்கே அறிவிப்பு அனுப்பி, நீங்கள் விலகிய காரணத்தைக் கேட்கும். தவறான இடத்துக்குப் போகும் அந்தக் கடிதம் உங்கள் கோரிக்கையைப் பல வாரங்கள் முடக்கிவைக்கக்கூடும்.

விசா பற்றியும் ஒரு வார்த்தை. இந்த உதவித்தொகை பெறுபவர் ஒவ்வொரு வாரமும் வேலை செய்யத் தகுதியுள்ளவராகவும் சட்டப்படி அனுமதி பெற்றவராகவும் இருக்க வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் எச்-1பி பணியாளரின் துணைவர் பெறும் எச்-4 வேலை அனுமதி அட்டை போன்ற பொதுவான அனுமதி உள்ளவர்களுக்கும் இதில் சிக்கல் இல்லை. எச்-1பி விசாவோ குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டது; வேலை போனபின் அதிகபட்சம் 60 நாள் தங்கும் சலுகை கிடைத்தாலும், அந்தச் சலுகை வேறெங்கும் வேலை செய்யும் அனுமதி ஆகாது. அந்த நிலையில் இருப்பவர், நண்பர் வாங்கினார் என்பதை நம்பி விண்ணப்பத்தில் குடியேற்ற நிலையை மழுப்பலாக எழுதுவது பெரும் ஆபத்து. உண்மை நிலையை எழுதிவிட்டுத் துறையின் முடிவுக்கு விடலாம். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டபின் எழுதுவது இன்னும் நல்லது.

விலகிய காரணத்தை எழுதும் இடம்

விண்ணப்பத்தில் மிக அதிக விலை கொடுக்க வைப்பது இந்த ஒரு கேள்விதான். ஆட்குறைப்பா, நீங்களே விலகினீர்களா, நீக்கப்பட்டீர்களா என்ற மூன்றுக்கும் சட்டம் தரும் விளைவுகள் வேறு. தானே விலகியவர், அதற்குத் தக்க காரணம் இருந்தது என்பதையும், விலகுவதற்கு முன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள முயன்றதையும் காட்ட வேண்டும். மேலாளரிடம் பேசியது, விடுப்புக் கேட்டது, வேறு பிரிவுக்கு மாற்றம் கோரியது ஆகியவை அந்த முயற்சிகள். வாழ்க்கைத் துணைக்குத் தொலைவான ஊரில் வேலை கிடைத்து, அங்கிருந்து போய்வர இயலாத நிலையில் விலகியதும் தக்க காரணமாகக் கொள்ளப்படலாம். 'குடும்பக் காரணம்' என்று இரு சொற்களில் முடித்துவிடுபவர் அந்த வாய்ப்பைத் தாமே இழக்கிறார்.

நீக்கப்பட்டவர்களோ தங்களுக்கு எதுவும் கிடைக்காது என்று முடிவு செய்துகொள்கிறார்கள். இது உண்மையன்று. வேலையோடு தொடர்புடைய முறைகேடான நடத்தைக்காக நீக்கப்பட்டால்தான் தகுதி போகும். திறமை போதவில்லை, இலக்கை எட்டவில்லை, ஒரு முறை கவனக்குறைவாகப் பிழை செய்துவிட்டார் என்பவை பொதுவாக முறைகேடு ஆகா. முறைகேடு என்று குற்றம் சாட்டுபவர் அதை நிறுவ வேண்டும். மானம் கருதிச் சிலர் 'நானே விலகினேன்' என்று எழுதிவிடுவதையும், 'ராஜினாமா கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நாளை நீக்குவோம்' என்று சொல்லப்பட்டதை விண்ணப்பத்தில் குறிப்பிடாமல் விடுவதையும் காணும்போது மனம் வருந்துகிறது. அப்படி நெருக்கடியில் கொடுத்த ராஜினாமா, நிறுவனம் தொடங்கிய பிரிவே என்று வாதிட இடமிருக்கிறது. அதற்கு, என்று, யார், என்ன சொன்னார் என்பதை நினைவு மங்குவதற்கு முன் எழுதி வைத்திருக்க வேண்டும், அது குறித்த மின்னஞ்சல்களையும் பாதுகாக்க வேண்டும்.

காரணத்தில் ஐயம் இருந்தால் இ.டி.டி. தொலைபேசி நேர்காணலுக்கு நாளும் நேரமும் குறித்து அறிவிக்கும். தெரியாத எண் என்று அழைப்பை எடுக்காமல் விட்டால், கையில் இருக்கும் தகவலை வைத்தே முடிவு எடுக்கப்படும், அந்தத் தகவல் பெரும்பாலும் நிறுவனம் தந்ததாகவே இருக்கும்.

இருவாரச் சான்றளிப்பு

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் பணம் தானாக வந்துகொண்டிருக்கும் என்று நினைப்பது தவறு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இணையத்திலோ தொலைபேசியிலோ தபால் படிவத்திலோ, கழிந்த இரு வாரங்களைப் பற்றிய கேள்விகளுக்கு விடை தந்து 'சர்டிஃபை' செய்ய வேண்டும். நோயால் வேலை செய்ய இயலாத நாள் இருந்ததா, முழுநேர வேலையை ஏற்க முடியாத வேறு காரணம் இருந்ததா, வேலை தேடினீர்களா, வந்த வேலையை மறுத்தீர்களா, பள்ளியிலோ பயிற்சியிலோ சேர்ந்தீர்களா, ஏதேனும் வேலை செய்தீர்களா அல்லது சம்பாதித்தீர்களா என்பவை அந்தக் கேள்விகள். அவசரத்தில் ஒரு பெட்டியைத் தவறாகச் சொடுக்கினால் அந்த வாரத்தின் பணம் நிற்கும், விளக்கம் கேட்டுக் கடிதமும் வரும்.

வருமானத்தைத் தெரிவிப்பதில் இரு பிழைகள் மீண்டும் மீண்டும் நேர்கின்றன. ஒன்று, பணம் கைக்கு வந்த வாரத்தில் காட்டுவது. வேலை செய்த வாரத்தில், அதாவது ஞாயிறு முதல் சனி வரையிலான அந்த வாரத்தில், காட்டுவதே விதி. மற்றொன்று, பிடித்தம் போக மீந்ததைக் காட்டுவது. பிடித்தத்துக்கு முந்தைய மொத்தக் கூலியையே எழுத வேண்டும். வார இறுதியில் வாகனம் ஓட்டியது, நண்பரின் நிறுவனத்துக்கு நிரல் எழுதித் தந்தது, பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தது எல்லாம் இதில் அடங்கும். சிறிது சம்பாதித்தால் முழுத் தொகையும் போய்விடும் என்ற அச்சத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். உண்மையில் 25 டாலர் அல்லது சம்பாதித்ததில் கால் பங்கு, இவற்றில் எது அதிகமோ அது விலக்கப்படுகிறது. வாரம் 450 டாலர் பெறுபவர் 200 டாலர் சம்பாதித்தால், 50 விலக்கப்பட்டு 150 மட்டும் கழிந்து, 300 டாலர் கிடைக்கும். மறைத்தது பின்னர் தெரியவந்தாலோ, திருப்பிக் கட்ட வேண்டிய தொகையோடு அதில் 30 விழுக்காடு அபராதமும் சேரும், 23 வாரங்கள் வரை தகுதியும் பறிபோகும்.

நமக்கே உரிய இன்னொரு தவறு, ஊருக்குப் போய்வருவது. வேலை இல்லாத நேரத்தில் அம்மா அப்பாவைப் பார்த்துவரத் தோன்றுவது இயல்பு. சென்னையிலோ மதுரையிலோ இருந்தபடி இணையத்தில் சான்றளித்துவிடலாம் என்று நினைப்பதுதான் வினையாகிறது. இந்தியாவில் இருக்கும் வாரங்களில் உடனே வேலையில் சேரத் தயாரான நிலையில் நீங்கள் இல்லை. அந்த வாரங்களுக்குத் தொகை பெற முடியாது. பயணத்தை ஒளிக்காமல் தெரிவித்துவிட்டுத் திரும்பிவந்ததும் கோரிக்கையைத் தொடர்வதால் ஓரிரு வாரப் பணம் மட்டும் விடுபடும். ஒளித்தால் அது பொய்யான கூற்று ஆகிறது.

வேலை தேடிய விவரத்தை நாள், நிறுவனம், பதவி, முடிவு என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். மாநிலத்தின் வேலை தேடல் இணையதளமான கால்ஜாப்ஸில் பதிவு செய்யும்படி கடிதம் வந்தால் அதில் கூறியுள்ள கெடுவுக்குள் செய்துவிடுங்கள். இந்தத் தொகைக்குக் கூட்டரசு வருமான வரி உண்டு, மாநில வரி இல்லை; விரும்பினால் 10 விழுக்காட்டை முன்னதாகவே பிடிக்கச் சொல்லலாம்.

மறுப்பு வந்த பிறகு

தகுதியில்லை என்ற தீர்மான அறிவிப்பு வந்ததும் பலர் மனம் உடைந்து அதை மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். அந்த அறிவிப்பு தபாலில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அது உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. நீண்ட வாதம் எழுத வேண்டியதில்லை. எந்த முடிவை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்பதைத் தெளிவாக எழுதி, அறிவிப்பில் உள்ள முகவரிக்கு அனுப்பி, பிரதியையும் அனுப்பிய சான்றையும் வைத்துக்கொண்டால் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட அறிவிப்புகள் வந்திருந்தால், ஒவ்வொன்றையும் எதிர்ப்பதாகத் தனித்தனியே குறிப்பிட வேண்டும். மறுப்பு ஒன்றிலும் திருப்பிக் கட்டச் சொல்லும் உத்தரவு மற்றொன்றிலுமாக வருவது வழக்கம். முதலாவதை மட்டும் எதிர்த்துவிட்டு இரண்டாவதை மறந்தவர்கள் உண்டு. தொகை கூடுதலாகத் தரப்பட்டது உங்கள் பிழையால் நேரவில்லை, அதைத் திருப்பிக் கட்டுவது கடும் இன்னலைத் தரும் என்றால் அதைத் தள்ளுபடி செய்யக் கோரவும் வழி இருக்கிறது.

எல்லாவற்றிலும் என்னை மிகவும் வாட்டும் தவறு இதுதான்: மறுத்துவிட்டார்களே என்று சான்றளிப்பதை நிறுத்திவிடுவது. எனக்கு நெருக்கமான ஒருவர் மேல்முறையீட்டில் வென்றார். வென்ற பிறகுதான், விசாரணைக்குக் காத்திருந்த வாரங்களில் அவர் ஒருமுறைகூடச் சான்றளிக்கவில்லை என்பது தெரியவந்தது. சான்றளிக்காத வாரத்துக்கு வெற்றி பெற்றாலும் பணம் இல்லை. பணம் வராவிட்டாலும், திரையில் மறுப்பு என்றே காட்டினாலும், இரு வாரத்துக்கு ஒருமுறை சான்றளிப்பதையும் வேலை தேடுவதையும் நிறுத்தாதீர்கள்.

மேல்முறையீட்டை விசாரிப்பது இ.டி.டி. அன்று, தனி அமைப்பான மேல்முறையீட்டு வாரியத்தின் நிர்வாகச் சட்ட நீதிபதி. விசாரணை தொலைபேசி வழியாகவோ நேரிலோ நடக்கும், அறிவிப்பு பொதுவாகப் பத்து நாட்களுக்கு முன்பே வரும். ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம்; உறவினரை வைத்துச் சமாளிக்கத் தேவையில்லை. விசாரணைக்கு முன் உங்கள் கோப்பைப் பார்க்கும் உரிமையைப் பயன்படுத்துங்கள், நிறுவனம் என்ன எழுதியிருக்கிறது என்று அதில் தெரியும். சாட்சி சொல்ல, நடந்ததை நேரில் கண்டவரை அழைத்துவாருங்கள். கேள்விப்பட்டவரின் கடிதத்துக்கு அதே எடை கிடைக்காது. நீங்கள் தொடுத்த மேல்முறையீட்டுக்கு நீங்களே வராமல் போனால் அது தள்ளுபடியாகும், தக்க காரணத்தோடு மீண்டும் திறக்கக் கோர வேண்டியிருக்கும். நிறுவனம் மேல்முறையீடு செய்த வழக்கிலும், நாம்தான் ஏற்கெனவே வென்றுவிட்டோமே என்று வராமல் இருந்துவிடக் கூடாது. வராவிட்டால் எதிர்த்தரப்பின் சாட்சியம் மட்டுமே நீதிபதி முன் இருக்கும்.

அந்த முடிவும் எதிராக அமைந்தால் மீண்டும் 30 நாட்களுக்குள் வாரியத்திடம் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம், அதன்பின் ஆறு மாதத்துக்குள் மாநில மேல்நிலை நீதிமன்றத்தை அணுகலாம். ஆனால் வாரியம் பெரும்பாலும் முதல் விசாரணையின் பதிவை வைத்தே முடிவு செய்கிறது, புதிய சான்றுகளை அரிதாகவே ஏற்கிறது. ஆகவே மின்னஞ்சல், மருத்துவச் சீட்டு, வருகைப் பதிவு, சாட்சி என்று கையில் உள்ள எதையும் அடுத்த கட்டத்துக்கு என்று ஒதுக்கி வைக்காமல் அந்த முதல் விசாரணையிலேயே நீதிபதியின் முன் வைத்துவிட வேண்டும்.